ஒரு கிணறு, பல வரிகள்: விக்கியில் தொகுப்பறிக்கை கட்டிய அனுபவம்

2023 ஜனவரியில், வரவிருக்கும் கோடையில் எந்தெந்த ஊர்களுக்குப் பவுசரில் (தண்ணீர் வண்டியில்) குடிநீர் அனுப்ப வேண்டியிருக்கும் என்று தீர்மானிப்பதற்காக எங்கள் குழு கூடியது. நான் மேசையில் வைத்த தொகுப்பறிக்கையில் நிலாவெளிக் கரையோரக் கிணறுகள் அனைத்தும் குடிக்கத்தக்கவை என்று பதிவாகியிருந்தன. அறிக்கையில் எழுத்துப்பிழை இல்லை. கூட்டலிலும் பிழை இல்லை. ஆனால் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான கள அலுவலர் அதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “அக்கா, இது பிழை. ஓகஸ்ட் மாசம் இந்தத் தண்ணிய வாயில வைக்க ஏலாம இருந்தது. நான்தானே அளந்து எழுதினேன்” என்றார்.

அவர் சொன்னது சரி. ஒவ்வொரு கிணற்றுக்கும் எங்கள் விக்கியில், அதாவது குழுவினர் எல்லோரும் சேர்ந்து திருத்தும் வலைத்தளத்தில், ஒரு பக்கம் இருந்தது. பக்கத்தின் தலையில் ஒரு தகவற்பெட்டி இருந்தது. புதிய அளவீடு வரும்போதெல்லாம் பெட்டியிலுள்ள பழைய எண்ணை எடுத்துவிட்டுப் புதிய எண்ணை எழுதுவது எங்கள் வழக்கமாக இருந்தது. டிசெம்பர் மழைக்குப் பின் எடுத்த அளவீடு ஓகஸ்டின் உப்பை மூடிவிட்டது. தொகுப்பறிக்கை ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒரு வரியை மட்டுமே எடுத்தது. அந்த வரியில் நின்றது ஆண்டின் கடைசி எண் மட்டுமே. விக்கி என்பதால் பக்க வரலாற்றில் பழைய பதிப்புகள் அழியாமல் இருந்தன. நான்கு நாட்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தின் வரலாற்றையும் திறந்து, இழந்த எண்களை மீட்டெடுத்தோம். அந்த நான்கு நாட்களில் நான் கற்றவற்றையும், அதன்பின் ஒன்றரை ஆண்டில் கற்றவற்றையும், இதே வகை வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று கருதி எழுதுகிறேன்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலை மாவட்டத்தின் 11 பிரதேச செயலாளர் பிரிவுகளுள் பட்டினமும் சூழலும், குச்சவெளி, கிண்ணியா, மூதூர், வெருகல் ஆகிய ஐந்தில் உள்ள 72 பொதுக் கிணறுகளை ஏழு பேர் கொண்ட ஒரு சிறிய குழு கவனித்துவருகிறது. ஒவ்வொரு தடவையும் நாள், அளந்தவர், நீர்மட்டம், மின்கடத்துதிறன், குளோரின் இட்ட கிணறாயின் எஞ்சிய குளோரின், ஒரு சிறு குறிப்பு ஆகியவற்றை எழுதிவருவோம். மின்கடத்துதிறன் கூடினால் நீரில் கரைந்த உப்பு கூடியிருக்கிறது என்று பொருள். இங்கு மழையின் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரையான வடகிழக்குப் பருவத்தில் விழுகிறது. கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் கரையோர மணற்பாங்கான நிலத்தின் நன்னீர் மெலிந்து, கடல்நீர் அடியிலிருந்து மேலேறுகிறது. ஆகவே இங்கே ஒரு கிணற்றுக்கு ஒரே ஒரு எண் என்பது ஏறக்குறையப் பொருளற்றது. எந்த மாதத்தின் எண் என்று தெரியாமல் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

விக்கிக்கு நாங்கள் வந்ததற்குக் காரணம் எளியது. எக்செல் கோப்பு மின்னஞ்சலில் ஏழு பேரிடம் ஏழு விதமாக வளர்ந்துகொண்டிருந்தது. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் எண்ணிம நூலகம், விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் இயங்குவதை நாங்கள் அனைவரும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திப் பழகியிருந்தோம். ஒரு நூலுக்கு ஒரு பக்கம் என்ற அந்த ஒழுங்கு எங்கள் மனத்தில் இயல்பாகவே பதிந்திருந்தது. ஒரு கிணற்றுக்கு ஒரு பக்கம் என்று தொடங்கினோம். அதில் தவறு எதுவும் இல்லை. பக்கம் எதுவோ அதுவே அறிக்கையின் வரியும் ஆகும் என்று எவரும் கேட்காமலே எடுத்துக்கொண்டதுதான் தவறு. நூலுக்கு அது பொருந்தும், ஏனெனில் ஒரு நூலின் பதிப்பாண்டு மாதத்துக்கு மாதம் மாறுவதில்லை. கிணறு மாறுகிறது. கன்ஃபுளுவென்ஸ் என்ற இன்னொரு விக்கி மென்பொருளைப் பயன்படுத்தும் நண்பர்களிடமும் இதே மயக்கத்தைக் கண்டிருக்கிறேன். அங்கே ‘பேஜ் ப்ரொப்பர்ட்டீஸ்’ என்ற பெட்டியில் எழுதியதை லேபல் இட்ட பக்கங்களிலிருந்து திரட்டி அட்டவணையாக்கும் வசதி உண்டு. மென்பொருள் எதுவாயினும், அறிக்கை கட்டுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, “இந்த அட்டவணையின் ஒரு வரி உலகத்தில் எதைக் குறிக்கிறது?” என்பதற்கு ஒரே வாக்கியத்தில் விடை எழுத வேண்டும். எங்கள் விடை, பிந்தி வந்தாலும், இதுதான்: ஒரு வரி என்பது ஓர் ஆள் ஒரு நாளில் ஒரு கிணற்றடிக்குப் போய் அளந்த ஒரு தடவை.

இந்த விடைக்கு நேரே வந்து சேர்ந்துவிடவில்லை. முதலில், தகவற்பெட்டியிலேயே அளவு 1, அளவு 2, அளவு 3 என்று பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு புலங்கள் (நிரப்பும் கட்டங்கள்) வைத்துப் பார்த்தோம். மாதம் ஒருமுறை தவறாமல் போவோம் என்பது அந்த அமைப்பின் அடியிலிருந்த நம்பிக்கை. 2022 இல் எரிபொருள் நிலையங்களில் நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்கு அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும். ஜூலையில் எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு வெருகலுக்குப் போவதா, குச்சவெளிக்குப் போவதா என்று தெரிவு செய்ய வேண்டியிருந்தது. சில கிணறுகளுக்கு அந்த ஆண்டில் இரண்டே அளவீடுகள். அலுவலகத்துக்குக் கிட்ட உள்ள கிணறுகளுக்கு ஒன்பது, பத்து. புலங்களில் பாதி வெறுமையாகக் கிடந்தது. மழை விட்ட வாரத்தில் இரண்டு தடவை போன கிணறுகளுக்கோ இடம் போதவில்லை. எண்ணிக்கை முன்கூட்டித் தெரியாத ஒன்றைப் பக்கவாட்டில் நிரல்களாக விரிக்கக் கூடாது. அது கீழ்நோக்கி வரிவரியாக வளர இடம் விட வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு அளவீட்டுக்கும் தனிப்பக்கம் தொடங்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. இரண்டு வாரம் செய்தோம். பக்கங்கள் பெருகின, கிணற்றின் பக்கத்தைத் திறப்பவருக்கு அங்கே எதுவும் இல்லை, அளவீட்டின் பக்கத்தைத் திறப்பவருக்கு மூன்று எண்கள் மட்டும். களத்திலிருந்து வருபவர் வாசிக்க விரும்புவது கிணற்றின் கதையை. அந்தக் கதை ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன், இன்றும் இருக்கிறேன்.

கடைசியில் எங்களுக்குப் பொருந்தியது, யாரோன் கோரென் உருவாக்கிய ‘கார்கோ’ என்ற மீடியாவிக்கி நீட்சி, அதாவது அந்த மென்பொருளோடு சேர்க்கும் கூடுதல் வசதி. அதன் செயல்முறை எளிதில் விளங்கக்கூடியது. ஒரு வார்ப்புருவுக்குள் (ஒருமுறை எழுதிப் பல பக்கங்களில் அழைக்கும் அச்சுக்குள்) ‘கார்கோ டிக்ளேர்’ என்ற கட்டளையால் ஓர் அட்டவணையின் பெயரையும் அதன் புலங்களையும், ஒவ்வொரு புலமும் எண்ணா, நாளா, சொல்லா என்பதையும் அறிவிக்கிறோம். அதே வார்ப்புருவில் ‘கார்கோ ஸ்டோர்’ இருந்தால், அந்த வார்ப்புரு ஒரு பக்கத்தில் எத்தனை தடவை அழைக்கப்படுகிறதோ அத்தனை வரிகள் அட்டவணையில் சேர்கின்றன. பக்கம் ஒன்று, வரிகள் பல. பிறகு எந்தப் பக்கத்திலும் ‘கார்கோ குவெரி’ என்ற வினாவை எழுதி அந்த வரிகளைத் தெரிந்தெடுக்கலாம், வரிசைப்படுத்தலாம், கூட்டலாம்.

நாங்கள் இரண்டு வார்ப்புருக்கள் செய்தோம். ‘கிணறு’ என்ற வார்ப்புரு பக்கத்தில் ஒருமுறை மட்டும் வரும். அதில் இடம், பிரிவு, ஆழம், பயன்படுத்தும் குடும்பங்களின் எண்ணிக்கை ஆகிய, எளிதில் மாறாத செய்திகள் இருக்கும். ‘அளவீடு’ என்ற வார்ப்புரு அதன் கீழே ஒவ்வொரு தடவைக்கும் ஒன்றாக அடுக்கப்படும். அளவீட்டில் கிணற்றின் பெயரை எவரும் எழுதுவதில்லை. தான் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதை கார்கோ ஒவ்வொரு வரியிலும் தானே குறித்துவைக்கிறது. அந்தப் பக்கப்பெயரை வைத்தே இரண்டு அட்டவணைகளையும் இணைக்கிறோம். மனிதர் எழுத வேண்டிய ஒரு பெயர் குறைந்தால், பிழைக்கக்கூடிய ஓரிடம் குறைகிறது.

நிரப்புவதற்கு ‘பேஜ் ஃபோர்ம்ஸ்’ என்ற இன்னொரு நீட்சியைப் போட்டோம். அதில் ஒரு வார்ப்புருவைப் பலமுறை வரக்கூடியது என்று குறித்துவிட்டால், படிவத்தின் அடியில் இன்னொன்றைச் சேர்ப்பதற்கான பொத்தான் வருகிறது. கள அலுவலர் அதை அழுத்தி, கட்டங்களை நிரப்பிச் சேமித்தால் போதும். வார்ப்புருவை அழைக்கும் வளைந்த அடைப்புக்குறிகளை அவர் பார்க்கவே தேவையில்லை. இந்தப் படிவம் இல்லாதிருந்தால் எங்கள் முயற்சி இரண்டாம் மாதமே நின்றிருக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

பழைய தரவைக் கொண்டுவந்தது தனி வேலை. 2015 க்கு முந்திய எங்கள் கோப்புகள் ஒருங்குறி (யூனிகோட்) அல்லாத பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றியபோது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாக இருக்கும் பெயர்கள் வந்தன. ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக எழுதப்பட்ட ‘கொ’வை மீடியாவிக்கி தானே ஒன்றாக்கிவிடுகிறது, அதில் தொல்லை இல்லை. ஆனால் ‘மௌ’ என்பதை ‘ம’, ஒற்றைக்கொம்பு, ‘ள’ என்று தட்டினால் ‘மெள’ என்று வரும். அதை எந்த மென்பொருளும் திருத்துவதில்லை, ஏனெனில் அது வேறொரு சொல்லாகவும் இருக்கலாம். கிண்ணியாவில் ‘மௌலவி வீட்டடிக் கிணறு’ என்று ஊரார் அழைக்கும் ஒரு கிணறு இவ்வாறு இரண்டு பக்கங்களாகி, அதன் அளவீடுகள் இரண்டாகப் பிரிந்து கிடந்ததை ஐந்து மாதம் கழித்தே கண்டோம். இன்று ஒவ்வொரு கிணற்றுக் கட்டிலும் வண்ணத்தால் ஒரு குறியீட்டு எண் எழுதியிருக்கிறோம். பக்கத்தின் பெயர் அந்த எண்தான். ஊர்ப்பெயர் பக்கத்தின் உள்ளே தமிழிலும் சிங்களத்திலும் இருக்கிறது. தமிழ்ப் பெயரைத் தலைப்பிலிருந்து எடுப்பது எனக்கு உவப்பாக இருக்கவில்லை. மூன்று மொழிகளில் அறிக்கை கேட்கப்படும் மாவட்டத்தில் வேறு வழியும் தெரியவில்லை.

நாள் எழுதும் முறை எங்களை இன்னும் மோசமாக ஏமாற்றியது. நாங்கள் நாள், மாதம், ஆண்டு என்று எழுதிப் பழகியவர்கள். மீடியாவிக்கி இயங்கும் பிஎச்பி மொழியோ, எண்களுக்கு இடையே சாய்கோடு கண்டால் அமெரிக்க முறைப்படி மாதம் முதலில் என்று கொள்கிறது. சிறுகோடு கண்டால் நாள் முதலில் என்று கொள்கிறது. 03/06/2023 என்று எழுதிய ஜூன் மாத அளவீடு மார்ச் 6 ஆகப் பதிவானது. 12 க்கு மேற்பட்ட நாட்கள் செல்லாதவையாகி வெளிப்படையாகக் கண்ணில் பட்டன. 12 வரையான நாட்கள் அமைதியாக வேறு மாதங்களில் போய் உட்கார்ந்தன. மழைக்கால எண் கோடையிலும் கோடை எண் மழைக்காலத்திலும் கலந்தால், எங்கள் வேலையின் மொத்தப் பயனும் போய்விடும். படிவத்தில் நாட்காட்டிக் கட்டம் வைத்து, சேமிக்கும் வடிவத்தை ஆண்டு-மாதம்-நாள் என்று மாற்றிய பிறகே எனக்கு உறக்கம் வந்தது.

எண்களில் இன்னும் இரண்டு நுணுக்கங்கள். ஒன்று அலகு: எங்களிடமிருந்த இரண்டு கருவிகளுள் ஒன்று மின்கடத்துதிறனை மைக்ரோசீமன்ஸிலும் மற்றது மில்லிசீமன்ஸிலும் காட்டியது, வேறுபாடு ஆயிரம் மடங்கு. 1.8 என்றும் 1800 என்றும் ஒரே நிரலில் இருந்தால் சராசரி எதையும் சொல்லாது. அலகைப் புலத்தின் பெயரிலேயே சேர்த்துவிட்டோம். மற்றது வெறுமை: எஞ்சிய குளோரின் 0 என்று எழுதினால், அளந்தோம், நீரில் குளோரின் இல்லை என்று பொருள், மக்களிடம் சேரும் இடத்தில் லீற்றருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பதால் அது அவசரச் செய்தி. கட்டத்தை வெறுமையாக விட்டால், அளக்கவில்லை என்று பொருள். சராசரி எடுக்கும்போது தரவுத்தளம் வெற்றுக் கட்டத்தைத் தொடுவதில்லை, பூச்சியத்தைச் சேர்த்துக்கொள்கிறது. மருந்துப் பொடி தீர்ந்து பரிசோதிக்க முடியாத நாட்களில் “சும்மா 0 போட்டுவிடுவது” என்ற பழக்கம் ஓர் அலுவலரிடம் இருந்தது. அவர் நேர்மையானவர், கட்டம் நிரம்பியிருக்க வேண்டும் என்று நாங்கள்தான் முன்பு வற்புறுத்தியிருந்தோம்.

இனி, தொகுப்பறிக்கை. இங்கேதான் நான் அதிகம் தடுமாறினேன், இங்கேதான் அதிகம் சொல்லவும் விரும்புகிறேன்.

முதல் அறிக்கை, பிரிவுவாரியாக எத்தனை கிணறுகள், எத்தனை குடும்பங்கள், எத்தனை அளவீடுகள் என்பது. இரண்டு அட்டவணைகளையும் இணைத்து, பிரிவால் குழுவாக்கி, குடும்பங்களைக் கூட்டினேன். குச்சவெளிப் பிரிவில் இருக்கவே முடியாத ஒரு தொகை வந்தது. காரணம் இணைப்பின் இயல்பிலேயே இருக்கிறது: ஒரு கிணற்றுக்கு ஆறு அளவீடுகள் இருந்தால், இணைத்த அட்டவணையில் அந்தக் கிணற்றின் செய்தி ஆறு வரிகளில் மீண்டும் மீண்டும் நிற்கும், 40 குடும்பங்கள் 240 ஆகிவிடும். அதிகம் சென்ற கிணறுகள் அதிகம் பெருகும் என்பதால், பிழை எல்லாப் பிரிவிலும் ஒரே அளவில் இருக்காது. ஒரு எண்ணால் வகுத்துச் சரிசெய்யவும் முடியாது. வேறுபட்ட எண்களை மட்டும் கூட்டுமாறு ‘டிஸ்டிங்ட்’ என்ற சொல்லைச் சேர்த்துப் பார்த்தேன். தொகை நம்பத்தக்கதாகத் தோன்றியது; அதனால் அது முன்னையதைவிட ஆபத்தானது. 40 குடும்பங்கள் கொண்ட கிணறுகள் மூன்று இருந்தால் அது ஒருமுறை மட்டுமே 40 ஐக் கூட்டுகிறது. சரியான வழி மிகவும் எளியது: குடும்பங்களைக் கிணறுகள் அட்டவணையிலிருந்து மட்டும் கூட்ட வேண்டும், அளவீடுகளை அளவீடுகள் அட்டவணையில் மட்டும் எண்ண வேண்டும், இரண்டையும் இரு தனி வினாக்களாக ஒரே பக்கத்தில் அருகருகே காட்ட வேண்டும். ஒரே அட்டவணையில் எல்லாம் வந்தால்தான் அழகு என்ற ஆசையை விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது, போகாத கிணறுகள். அளவீடுகளிலிருந்து தொடங்கி எழுதிய அறிக்கையில், ஆண்டு முழுவதும் ஒருமுறையும் போகாத கிணறுகள் தோன்றவே இல்லை. அளவீடு இல்லை என்றால் வரி இல்லை. வரி இல்லை என்றால் கூட்டத்தில் எவரும் அதைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. கார்கோவில் ‘ஜாயின் ஆன்’ என்று இணைக்கும்போது முதலில் எழுதும் அட்டவணையின் வரிகள் அனைத்தும், இணை கிடைக்காவிட்டாலும், விடையில் நிற்கும். ஆகவே கிணறுகளை முதலில் எழுத வேண்டும். அப்படி எழுதிய அன்று, வெருகல் பிரிவில் ஐந்து கிணறுகள் எதிரே வெற்றுக் கட்டங்களுடன் வந்து நின்றன. அதிலும் ஒரு கண்ணி இருந்தது: வரிகளை எண்ணினால், வெறுமையாக வந்த அந்த வரியும் ஒன்று என்று எண்ணப்பட்டு, போகாத கிணற்றுக்கு ‘1’ என்று காட்டியது. அளவீட்டின் நாள் என்ற புலத்தை எண்ணுமாறு மாற்றிய பிறகே உண்மையான ‘0’ வந்தது. அந்த ஐந்து பூச்சியங்களை நான் கூட்டத்தில் சத்தமாக வாசித்தேன். அடுத்த வாரமே அங்கு ஆள் போனார்.

மூன்றாவது, ஒவ்வொரு கிணற்றின் மிக அண்மைய அளவீட்டை மட்டும் காட்டுவது. கேட்க எளிதாக இருக்கிறது, செய்வது கடினம். கிணற்றால் குழுவாக்கி மிகப் பிந்திய நாளை எடுத்தால் நாள் சரியாக வரும். அதன் பக்கத்தில் மின்கடத்துதிறனையும் கேட்டால், கண்டிப்பான முறைமை இயக்கப்படாத தரவுத்தளம் அந்தக் குழுவின் ஏதோ ஒரு வரியிலிருந்து எண்ணை எடுத்து வைத்துவிடுகிறது. டிசெம்பர் நாளுக்கு எதிரே மே மாத எண் நிற்கும். அறிக்கை எந்த எச்சரிக்கையும் தராது. ஒரு வினாவுக்குள் இன்னொரு வினாவாக உள்வினா எழுதி இதைத் தீர்க்கலாம் என்றால் பாதுகாப்புக் கருதி கார்கோ உள்வினாக்களை ஏற்பதில்லை. நாங்கள் செய்தது: வெளி வினா கிணறுகளை மட்டும் பட்டியலிடும்; ஒவ்வொரு கிணற்றின் வரியையும் ஒரு சிறு வார்ப்புரு வரையும்; அந்த வார்ப்புருவுக்குள், அந்தக் கிணற்றின் அளவீடுகளை நாளின்படி இறங்குவரிசையில் அடுக்கி ‘லிமிட்’ ஒன்று என்று கேட்கும் இன்னொரு வினா இருக்கும். 72 கிணறுகளுக்கு 72 சிறு வினாக்கள் என்பதால் பக்கம் மெதுவாகத் திறக்கிறது. பிரிவுக்கு ஒரு பக்கமாகப் பிரித்துவிட்டோம். பொறுத்துக்கொள்ளக்கூடிய மெதுவே அது. தவறான வரியைவிட எவ்வளவோ மேல்.

கூட்டத்துக்கு நாங்கள் இப்போது கொண்டுபோவது மாதவாரியான அறிக்கை. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒவ்வொரு மாதத்திலும் எத்தனை அளவீடுகள், அவற்றுள் மின்கடத்துதிறன் மிகக் கூடியது எது என்று இரண்டே எண்கள். சராசரியைப் போடுவதில்லை. குடிக்க முடியாத ஒரு வாரத்தை மற்ற மூன்று வாரங்களோடு சேர்த்து வகுத்தால் அந்த வாரத்தில் அந்தக் கிணற்றை நம்பியிருந்தவருக்கு எந்த நீதியும் கிடைப்பதில்லை என்பது என் கருத்து. எங்கள் குழுவில் இதை ஏற்காதவர்களும் உண்டு.

சில சிறிய செய்திகளையும் சொல்ல வேண்டும். கார்கோவின் வினா ஒன்று, வேறு எண் கொடுக்காவிட்டால், 100 வரிகளோடு நின்றுவிடும். அடியில் மேலும் காண ஓர் இணைப்பு இருக்கும், அச்சிட்டால் அது பயன்படாது. எங்கள் அறிக்கையின் தலைப்பில் 137 அளவீடுகள் என்றும் கீழே 100 வரிகளும் இருந்தபோது, எண்ணிப் பார்த்தது எங்கள் கணக்காளர் மட்டுமே. இப்போது ஒவ்வொரு நீண்ட அட்டவணையின் மேலும் மொத்த எண்ணிக்கையைத் தனி வினாவால் காட்டுகிறோம். அடுத்தது, மீடியாவிக்கி பக்கங்களைத் தற்காலிகமாகச் சேமித்து வைத்துக் காட்டுவதால், காலையில் சேர்த்த அளவீடு மாலையிலும் அறிக்கைப் பக்கத்தில் தோன்றாமல் இருக்கலாம். அச்சிடுமுன் பக்கத்தைப் புதுப்பிக்கும் ‘பர்ஜ்’ கட்டளையைக் கொடுக்க வேண்டும். அறிக்கையின் தலையில் அதற்கென ஓர் இணைப்பை வைத்துவிட்டோம். இன்னொன்று, வார்ப்புருவில் புதிய புலம் அறிவித்தால் மட்டும் அட்டவணை மாறிவிடாது. வார்ப்புருப் பக்கத்தின் மேலுள்ள தரவு மீளுருவாக்கத் தத்தலை (டேப்) திறந்து மீண்டும் கட்ட வேண்டும். அப்போது பழைய அட்டவணையை அழிக்காமல் பதிலட்டவணை ஒன்றைக் கட்டி, சரிபார்த்தபின் மாற்றிக்கொள்ளும் தெரிவு உண்டு. அதைத் தெரிவு செய்யாமல் நான் ஒருமுறை வேலை நேரத்தில் மீளுருவாக்கியதால், கூட்டம் நடந்துகொண்டிருந்தபோதே அறிக்கை அரைகுறையாகத் தெரிந்தது.

அறிக்கை திருந்தியதும் நாங்கள் செய்த இன்னொரு காரியம், ஒவ்வொரு கிணற்றின் பக்கத்திலும் அந்தக் கிணற்றின் எல்லா வரிகளையும் பெரிய எழுத்தில் ஓர் அச்சுத்தாளாக எடுப்பது. நிலாவெளியில் வயதான ஓர் அம்மா முன்னொரு நாள், “பிள்ளை, நீங்க எழுதிக் கொண்டுபோறது ஒண்டும் எங்களுக்குத் திரும்பி வாறேல்லை” என்று சொல்லியிருந்தார். 2024 ஜூனில் அவர் வீட்டுக்கு முன்னாலுள்ள கிணற்றின் தாளை அவரிடம் கொடுத்தேன். பேரப்பிள்ளை வாசிக்க வாசிக்க ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஏப்ரல் மாத வரியில் நிறுத்தச் சொன்னார். “அந்த மாசம் எங்கட கிணறு இறைச்சுத் துப்புரவாக்கினது. தண்ணி இல்லை. உங்கட தம்பி அங்கால கோயிலடிக் கிணத்திலதான் அளந்தவர்.”

அலுவலகத்துக்கு வந்து கள அலுவலரின் குறிப்பேட்டைப் பார்த்தோம். ஓரத்தில் சிறிய எழுத்தில் ‘கோ. கிணறு’ என்று இருந்தது. படிவத்தில் அதற்கெனத் தனி இடம் இருக்கவில்லை. அன்று மாலை அந்த வரியை உரிய பக்கத்துக்கு மாற்றி, அளவீடு வார்ப்புருவில் ‘நீர் எடுத்த இடம்’ என்ற புலத்தைச் சேர்த்து, இம்முறை பதிலட்டவணையைக் கட்டிச் சரிபார்த்த பிறகே மாற்றினேன். பழைய குறிப்பேடுகளின் ஓரங்களை இப்போது இருவர் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். கிண்ணியா முடிந்துவிட்டது, மூதூரில் பாதி இருக்கிறது.